என்ன முறை?

நம்முடைய சமூகத்தில் துக்கத்துக்குக் கணக்கு உண்டு. பங்காளி என்றால் பத்து நாள்; சில வகுப்பாருக்குப் பதினாறு. பெண் வழி, தாய் வழி என்றால் பெரும்பாலும் மூன்று நாள். இன்னும் தூரத்துச் சொந்தமா, சேதி காதில் விழுந்ததும் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் போதும். அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். படித்தவர்கள் இந்தக் கணக்கைக் கேலி செய்கிறார்கள். எனக்குக் கேலி செய்யத் தோன்றுவதில்லை. துக்கம் என்பது கரையில்லாமல் பெருகக்கூடிய வஸ்து. அதற்கு யாரோ ஒரு புத்திசாலி கரை கட்டியிருக்கிறான். 'இத்தனை நாள் நீ அழலாம். இத்தனை நாள் உன்னை ஒருவரும் கல்யாணத்துக்கும் கச்சேரிக்கும் கூப்பிட மாட்டார்கள். அதன் பிறகு எழுந்து வேலையைப் பார்' என்று அவன் சொல்கிறான். தீட்டு என்பதை விலக்கு என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். அது ஒருவகையில் உரிமைச் சீட்டும் அல்லவா? இறந்தவனுக்கு நான் இன்னார் என்று ஊரறியச் சொல்லிக்கொள்ளும் உரிமை.

என்னுடைய விசாரம், இந்தக் கணக்கில் எந்தக் கட்டத்திலும் அடங்காத ஒருவன் இறந்துபோனால் என்ன செய்வது என்பதைப் பற்றியது. அவன் பங்காளியல்ல, சம்பந்தியல்ல, ஊர்க்காரனல்ல, ஆபீஸில் கூட வேலை பார்த்தவனும் அல்ல. அவன் முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. இருவருக்கும் நடுவே இருந்ததெல்லாம் சில நூறு சினிமாப் பாட்டுக்கள்தாம். அதற்கு எத்தனை நாள்?

சினிமாப் பாட்டு என்றதும் முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகம் சுளிப்பதற்கும் நம் நாட்டில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1952-இல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் பி.வி. கேஸ்கர். சங்கீதம் தெரிந்தவர், நல்ல நோக்கம் உள்ளவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அகில இந்திய வானொலியில் அதற்கு ஏறக்குறையக் கதவு சாத்தப்பட்டது. ருசியைச் சட்டம் போட்டுத் திருத்தலாம் என்று நம்புகிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் மறந்துபோவது, ரேடியோப் பெட்டியில் ஒரு குமிழ் இருக்கிறது என்பதைத்தான். ஜனங்கள் குமிழைத் திருகினார்கள். முள் இலங்கையில் போய் நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேச நாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் வைத்த பெரிய ஒலிபரப்பி, யுத்தம் முடிந்ததும் இலங்கைக்குக் கிடைத்திருந்தது. சண்டைக்காகப் பிறந்த இயந்திரம் பாகவதரையும் ஜிக்கியையும் கடல் தாண்டிக் கொண்டுவந்து எங்கள் திண்ணைகளில் இறக்கியது. வடக்கே அமீன் சயானி, தமிழுக்கு மயில்வாகனன். 1957 அக்டோபரில் நம்முடைய சர்க்காரும் விவித பாரதியைத் தொடங்கி இறங்கி வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் காது கொழும்பில் குடியேறிவிட்டது.

நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றியல்ல. பாட்டுக்கு முன்னால் வாசித்த பெயர்களைப் பற்றி. 'நேயர் விருப்பம்' என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு பாட்டுக்கு ஆயுள் மூன்று நிமிஷம்; அதற்கு முன் அதை விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் மூச்சு விடாமல் வரும். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பாட்டைப் போடாமல் பெயரை ஏன் வாசிக்கிறான் என்பார்கள். எங்களுக்கோ பெயர்தான் பாட்டின் பல்லவி. பீகாரில் ஜும்ரி தலையா என்று ஒரு சின்ன ஊர், இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து போன விருப்பக் கடிதங்களாலேயே இந்தியா முழுக்க அதற்குப் பெயர் வந்தது. பாட்டுக் கேட்பதில் என்ன சாதனை இருக்கிறது என்று கேட்கலாம்தான். ஆனால் ஏதோ ஒரு மூலையில் இருப்பவன், 'நானும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல ஆசைப்படுகிறான். அந்த ஆசை எனக்கு அற்பமாகப் படவில்லை.

திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குச் சமீபத்தில் ஒரு டீக்கடையில் நான் அதைக் கேட்பேன். பள்ளி இறுதி வகுப்புத் தாண்டிய வயது. சிற்றலையில் வரும் பாட்டு, அலை மாதிரியே கிட்ட வரும், தூரப் போகும். நல்ல இடத்தில் கரகரவென்று மறைந்து, சரணத்தின் பாதியில் திரும்பி வரும். மறைந்த பாதியை நாங்களே பாடிக்கொள்வோம். எனக்கு அப்போது விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்றால் உயிர். அவர்கள் 1965-லேயே பிரிந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பிரிந்தவர்களைச் சேர்த்து வைக்கும் வேலையை ரசிகன் தன் மனசுக்குள் செய்துகொண்டே இருப்பான். வாரம் தவறாமல் 'பாவ மன்னிப்'பிலிருந்தோ 'பாசமல'ரிலிருந்தோ ஒரு பாட்டுக் கேட்டு எழுதுவேன். பல தடவை பெயர் வந்தது.

1971-ஆம் வருஷம் என்று நினைவு. தபால்காரர் ஒரு கடிதத்தை நீட்டினார். இலங்கைத் தபால் தலை. என் பெயர், அதற்குக் கீழே 'ரேடியோ நேயர், திருவண்ணாமலை, தென் இந்தியா'. தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. டீக்கடையில் என்னைக் கேலி செய்கிறவர்களில் தபால்காரரும் ஒருவர். ஆகையால் விலாசம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

எழுதியவர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார். மரியாதை, முகமன் ஒன்றும் இல்லை. 'ஒவ்வொரு கிழமையும் உங்கள் பெயரைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. உலகத்தில் ஜி. ராமநாதன் என்று ஒருவர் இருந்தது உங்களுக்குத் தெரியாதா?' என்பதுதான் கடிதத்தின் சாரம். நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். அவர் ஆறு பக்கம் எழுதினார். இப்படி ஆரம்பித்ததுதான்.

பன்னிரண்டு வருஷம் எழுதினோம். குடும்ப விஷயங்கள் ஓரத்தில் வரும், கடிதத்தின் விளிம்பில் இடம் மிச்சமிருந்தால். பிள்ளை பிறந்ததை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டு, 'உத்தம புத்திரன்' பாட்டுக்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம். 'ஒரு கார்த்திகைக்கு உங்கள் ஊருக்கு வருவேன்' என்று ஒவ்வொரு வருஷமும் எழுதுவார். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வந்த கடிதத்தில் மட்டும் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு கடிதமே இல்லை.

இந்த இடத்தில் வாசகர்கள் என்னை ஒரு கேள்வி கேட்கலாம்: 'சரி, ஒரு பேனா நண்பர். இதில் என்ன தத்துவ விசாரம்?' நியாயந்தான். ஆனால் நட்பு என்று சொல்லிவிட்டுப் போக எனக்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. நட்புக்குக் கூடிப் பழகுவது அவசியமில்லை, ஒத்த உணர்ச்சியே அந்த உரிமையைக் கொடுத்துவிடும் என்று வள்ளுவர் சொல்லியிருக்கிறார். அதற்குப் பரிமேலழகர் காட்டும் உதாரணம் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும். பார்க்காமலே நேசித்தார்கள்; சோழன் வடக்கிருந்து உயிர்விட்ட இடத்துக்குப் புலவர் தாமே வந்து சேர்ந்தார். பெரிய உதாரணம். எங்களுக்குப் பொருந்தாத உதாரணமும்கூட. அவர்கள் ஒருவர் குணத்தை ஒருவர் காதலித்தவர்கள். நாங்கள் இருவரும் காதலித்தது மூன்றாவது ஒன்றை. வாத்தியாருடைய குணம் எப்படி என்று எனக்குத் தெரியாது. மனைவியிடம் கடுகடுப்பாரா, கடனைத் திருப்பிக் கொடுப்பாரா, ஒன்றும் தெரியாது. ஒரு ராகம் திரும்புகிற இடத்தில் அவருக்குத் தொண்டை அடைக்கும் என்பது மட்டும் தெரியும். மூன்றாவது ஒன்றின் வழியாக வருகிற இந்த உறவுக்கு என்ன பெயர்?

பெயரைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. மார்கழியில் எங்கள் ஊர்க் கோயிலில் திருவெம்பாவை பாடுவார்கள். மாணிக்கவாசகர் அதை இந்த ஊரில்தான் பாடினார் என்பது ஐதிகம். அதை எத்தனையோ தடவை கேட்ட பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. இருபது பாட்டுக்களில், தொடக்கத்துப் பாட்டுக்கள் பலவும் பக்கத்து வீட்டுப் பெண்ணை எழுப்புவதிலேயே கழிகின்றன! அடிமுடி காணாத சோதியைப் பாட வந்தவர், நேரே அந்தச் சோதியிடம் போகக் கூடாதா? போவதில்லை. 'இன்னும் தூங்குகிறாயா, நேற்று என்ன சொன்னாய், இன்று என்ன செய்கிறாய்' என்று தோழியின் வாசலில் நின்று வம்பளக்கிறார். ஆண்டாளும் அப்படித்தான், முப்பதில் பத்து, தூங்குகிறவளை எழுப்புவதற்கே போய்விடுகிறது. தனியாகப் போய்க் கும்பிட்டால் பலன் கிடைக்காதா என்ன? கிடைக்கும். ஆனால் பிடித்ததை இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்பதும், அவளும் வந்தால்தான் தன் கும்பிடு முழுசாகும் என்பதும் பக்திக்கு உள்ள சுபாவம் போலும். தெய்வத்திடம் அன்பு ஒன்று. அதே தெய்வத்தை நேசிக்கிறவர்களிடம் அன்பு இன்னொன்று. சுந்தரர் இந்த இரண்டாவதைத் தனியே எடுத்துப் பட்டியல் போட்டார், சேக்கிழார் அதைப் புராணமாக்கினார்.

சினிமா ரசிகனுக்கு ஒரு சேக்கிழார் வாய்க்கவில்லை. ஆகவே அவனிடத்திலும் இரண்டு அன்புகள் இருக்கின்றன என்பதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று, நட்சத்திரத்தின் மேல் அவனுக்குள்ள அன்பு. அதைத்தான் உலகம் அறியும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதா'ஸைச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகள் கண்டது அந்த அன்பு. கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வதும் அதே அன்புதான். 1987 டிசம்பர் 24-ஆம் தேதி எம்.ஜி.ஆர். மறைந்தபோது தீக்குளித்தும் விஷம் குடித்தும் மாண்டவர்கள் உண்டு. அவர்களை நான் பரிகசிக்க மாட்டேன். ஆனால் அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறேன். அங்கே அன்பு செங்குத்தாக மேலே போகிறது. மேலே இருப்பவருக்கு இவனைத் தெரியாது. தெரியாத ஒருவருக்காகச் செத்தவன், தன்னைத் தெரிந்த பெண்டாட்டி பிள்ளைகளை என்ன செய்தான்?

இன்னொன்று பக்கவாட்டில் போகிற அன்பு. கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனிடம் நமக்கு வருகிற அது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இடைவேளை. அந்த இடைவேளையில் முன்பின் தெரியாதவன் திரும்பி, 'இனி அவன் என்ன செய்வான் என்கிறீர்கள்?' என்று கேட்பான். பாட்டுப் புத்தகம் விற்கிற பையன் வருவான். 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிகிற அந்தக் கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு நாலு பேர் தர்க்கம் செய்வார்கள். விளக்கு அணையும்.

அந்தக் கொட்டகையைச் சொர்க்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. பழையதைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு வரும் நோய் அது. கொட்டகையிலும் தரை, பெஞ்சு, நாற்காலி என்று தராதரம் இருந்தது. நடுவே தட்டியடித்துப் பெண்களைத் தனியே வைத்தார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் கூட அழுதவர்கள் அவரவர் தெருவுக்குப் போனார்கள், தெருக்கள் அப்படியே இருந்தன. இருட்டில் பிறந்த சமத்துவம் வெளிச்சத்தில் நிற்கவில்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் அது இருந்தது என்பதை மறந்துவிடவும் எனக்கு மனமில்லை.

டெலிவிஷனும் முதலில் கொட்டகையாகத்தான் வந்தது. 1975 ஆகஸ்டு 15-இல் சென்னையில் ஒளிபரப்புத் தொடங்கியது; எங்கள் பக்கத்துக்கு எட்டப் பல வருஷம் ஆயிற்று. தெருவுக்கு ஒரு பெட்டி. வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' என்றால் அந்த வீட்டுக்காரர் கல்யாண வீடு மாதிரி ஜமக்காளம் விரிப்பார். சிலர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு விரித்தார்கள் என்பதும் உண்மை. 1987-இல் ஞாயிறு காலை ராமாயணம் வந்தபோது, இந்தி ஒரு எழுத்துத் தெரியாத பாட்டிகள் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1993 சித்திரை முதல் தேதி சன் டி.வி. வந்தது. பிறகு வீட்டுக்கு ஒரு பெட்டி, அறைக்கு ஒரு பெட்டி, இப்போது உள்ளங்கைக்கு ஒன்று. ஒரே பாட்டை ஒரே வீட்டில் நாலு பேர் நாலு நேரத்தில், காதை அடைத்துக்கொண்டு கேட்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? தோழியை எழுப்பப் போக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

அதற்கு நடுவே ஒரு காலம் வந்தது. கம்ப்யூட்டரில் குழுமங்கள் கிளம்பிய காலம். கடல் கடந்து போன தமிழர்கள் இரவில் உட்கார்ந்து, பழைய பாட்டைப் பாடியது யார், எழுதியது யார் என்று ஊர் ஊராகச் சண்டை போட்டார்கள். பாதிப் பேருக்குப் புனைபெயர், முகம் கிடையாது. என் மகன் வற்புறுத்தலால் நானும் ஒன்றில் சேர்ந்து, இரண்டு விரலால் தமிழ் தட்டப் பழகினேன். ஒருநாள் விஸ்வநாதன்–ராமமூர்த்தியைப் பற்றி நாலு வரி எழுதினேன். மறுநாள் காலையில் ஒரு பதில் இருந்தது: 'உலகத்தில் ஜி. ராமநாதன் என்று ஒருவர் இருந்தது உங்களுக்கு இன்னும் தெரியவில்லையா?'

பதினாறு வருஷத்துக்குப் பின் வாத்தியார் கனடாவில் இருந்தார். ஸ்கார்பரோ என்னும் இடத்தில். நடுவில் என்னவெல்லாம் நடந்தது என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தோம்.

ரமணாசிரமத்துக்கு அடிக்கடி போகும் பெரியவர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தார். 'பகவான் சினிமாத் திரையையே உவமை சொல்வாரே, தெரியாதா? திரையில் நெருப்பு எரிகிறது, திரை எரிவதில்லை. வெள்ளம் வருகிறது, திரை நனைவதில்லை. நீர் திரையை விட்டுவிட்டு நிழலைப் பிடித்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிட்டீரே!' என்றார். பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து 'உள்ளது நாற்பது' எடுத்துப் பார்த்தேன். 1928-இல் மகரிஷி செய்த நூல். முதற் பாட்டிலேயே இருக்கிறது. சித்திரம், அதைப் பார்ப்பவன், அதைத் தாங்கும் துணி, ஒளி: நான்கும் ஒன்றேதான் என்று சொல்கிறார். துணிக்கு அவர் போட்டிருக்கும் சொல் 'படம்'. அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் சீலை. நாம் துணியின் பெயரை எடுத்து நிழலுக்கு வைத்துவிட்டோம். பெரியவர் சொன்னது சரிதான், நூலில் ஆதாரம் இருக்கிறது. எனக்கு ஒரே ஒரு குறை. பார்ப்பவன் அங்கே ஒருமையில் இருக்கிறான். ஞானத்துக்கு ஒருவன் போதும். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அவன் பக்கத்தில் இன்னொருவன் வேண்டியிருக்கிறது. முழங்கை இடிக்க, 'இந்த இடம் எப்படி!' என்று கேட்க.

நிழல், வியாபாரம், கூலிக்கு எழுதிய பாட்டு, கூலிக்குப் பாடிய குரல். அதன் மேல் கட்டிய உறவு எப்படி நிஜமாகும் என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அடியார்களின் தெய்வம் நித்தியம். எங்கள் தெய்வம் அடுத்த தீபாவளிக்குப் பழசு. பொருளின் தரம் உறவின் தரத்தைத் தொடாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. தொடும். ஒரு நட்சத்திரத்துக்காக இன்னொரு நட்சத்திரத்தின் போஸ்டரில் சாணியடித்தவர்களும், தியேட்டர் வாசலில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் எங்கள் இனந்தான். அவர்களும் 'கூடப் பார்த்தவர்கள்'தான். வித்தியாசம் எங்கே என்று யோசித்தால், அவர்களிடம் ஒரு கட்சி கேட்கப்பட்டது. எங்களிடம் ஒன்றும் கேட்கப்படவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஜி. ராமநாதன் 1963-இலேயே காலமாகிவிட்டார். அவருக்காக ஓட்டுப் போட வேண்டாம், கொடி பிடிக்க வேண்டாம். அவர் போட்ட மெட்டு மட்டும் இருந்தது. அதை ரசிக்கலாம், அல்லது என்னைப் போல் முரண்டு பிடிக்கலாம். வாத்தியார் என்னைச் செவிடன் என்று திட்டி எழுதுவார். அடுத்த வாரம் அவரே ஒரு அபூர்வமான இசைத்தட்டிலிருந்து பதிவு செய்த பாட்டை அனுப்புவார். கட்சிக்காரன் திட்டினால் அடுத்த வாரம் பாட்டு வராது, கல் வரும்.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இது இன்னொரு விதத்திலும் தெரியும். 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வந்த 1950-54-இல், வாராவாரம் பக்கங்களைக் கிழித்து வைத்துத் தைத்த குடும்பங்கள் எத்தனை! அந்தக் கட்டுகளை இரவல் வாங்கியவர்கள் பிறகு சம்பந்திகளானதும் உண்டு. ஆசிரியனுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. அவர்களுக்குள் தெரியும்.

கார்த்திகை தீபத்தை வாத்தியார் டெலிவிஷனில் பார்ப்பார். எனக்குச் சாயங்காலம் 6 மணி, அவருக்குக் காலை 7.30, வெளியே பனி. நான் தெருவில் நிற்பேன். கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே வெளியே வந்து காட்சி கொடுப்பார். அதே சமயம் 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை எரியும். லட்சம் தொண்டைகள் 'அண்ணாமலைக்கு அரோகரா' என்னும். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அந்த ஒரு கணத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். 'தீபம் எப்படித் தெரிந்தது?' என்று ஒருமுறை கேட்டேன். 'தீபம் சின்னப் பொட்டுத்தான். நான் பார்க்கிறதில்லை, சனத்தின் சத்தத்தைக் கேட்கிறேன். அதில் உங்கள் குரலும் இருக்குந்தானே' என்று எழுதினார்.

2020 டிசம்பரில் யாகூ கம்பெனி தன் குழுமங்களை மூடியது. ஆர்க்குட் என்று ஒன்று இருந்தது. அது 2014-லேயே போய்விட்டது. எத்தனை ராத்திரிச் சண்டைகள், எத்தனை பேர் நினைவிலிருந்து திரட்டிய இசைத்தட்டு விவரங்கள்! ஒரு ஊர் காலியாவதாக இருந்தால் வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்களை வாசலில் நின்று பார்க்கலாம். இங்கே அதுகூட இல்லை. புனைபெயர்க்காரர்களில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல இனி ஆளில்லை. வாத்தியாரும் நானும் மின்னஞ்சலில் ஒதுங்கினோம். அவர் கடிதங்கள் சுருங்கின. பிறகு நின்றன.

சேதி அவர் மகளிடமிருந்து வந்தது. அப்பாவின் குறிப்புப் புத்தகத்தில் என் விலாசம் இருந்ததாம். கூடவே மரண அறிவித்தலையும் அனுப்பியிருந்தாள். ஈழத்துத் தமிழர்களின் மரண அறிவித்தலைப் பார்த்திருக்கிறீர்களா? நம்முடைய கருமாதிப் பத்திரிகை அதன் முன் நிற்காது. அன்னார் இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தை, இன்னாரின் சகோதரர், மைத்துனர், சகலன், பெரியப்பா, பேரன் என்று சுற்றம் முழுவதும், கொழும்பு, லண்டன், பாரிஸ், மெல்போர்ன் என்று அடைப்புக்குறிக்குள் ஊர்களோடு நிற்கிறது. யுத்தம் சிதறடித்த குடும்பம் அந்த ஒரு தாளில்தான் ஒன்றாக உட்காருகிறது. இரண்டு தடவை படித்தேன். எனக்கு அதில் இடம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை.

மகள் எழுதியிருந்தாள்: முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள், அதற்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும். 'அப்பா உங்களைப் பற்றி நிறையக் கதைப்பார், மாமா. ஆனால் நீங்கள் எங்களுக்கு என்ன முறை என்று எனக்கு வடிவாகத் தெரியாது. பெயருக்குக் கீழே என்ன போடுவது?'

இரண்டு நாள் யோசித்தேன். 'நண்பர்' என்று எழுதி அடித்தேன். 'நேயர்' என்று எழுதினேன். அழகான சொல், நேயம் உள்ளவர் என்று பொருள், இலங்கை வானொலி எங்கள் இருவருக்கும் சூட்டிய பட்டம். ஆனால் அந்தப் பெண் ஸ்கார்பரோவில் வளர்ந்தவள். அவளுக்கு அது என்ன புரியும்? கடைசியில் கீழே ஒன்றும் போடாமல், ராமநாதனைப் பற்றி அவரும் நானும் போட்ட சண்டையையே ஒரு பக்கம் எழுதி, அவர் கட்சிக்குச் சாதகமாக ஒரு பாட்டை ஒப்புக்கொண்டு, அனுப்பிவிட்டேன். அவர் உயிரோடு இருந்தவரை அதை நான் ஒப்புக்கொண்டதில்லை. இனி அவர் அதை வைத்துக்கொண்டு என்னைப் படுத்த முடியாது.

மலர் தபாலில் வந்தது. நல்ல வழவழப்பான தாள், முன்னட்டையில் வாத்தியார் கோட்டும் கம்பளிக் குல்லாயுமாகச் சிரிக்கிறார். நான் கற்பனை செய்து வைத்திருந்த முகம் அல்ல. நான் அவரை இன்னும் ஒல்லியாக வைத்திருந்தேன். கட்டுரை போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் உறவினர் பட்டியல், மறுபடியும் முழுசாக. மகள் 'மாமா' என்று எழுதியதை அச்சுக் கோத்தவர் பார்த்திருக்க வேண்டும். லண்டன் மைத்துனருக்கும் மெல்போர்ன் மைத்துனருக்கும் நடுவில் என் பெயரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'திருவண்ணாமலை' என்று அச்சடித்திருந்தார்.